புரோட்டான் எங்கே நிற்கிறது?

கதிர்வீச்சுச் சிகிச்சையைத் தமிழர்கள் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். மும்பை பரேலில் உள்ள டாட்டா மெமோரியல் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், அவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் இருக்கும் வட இந்தியர்கள் அதையே 'சிகாயி' என்பார்கள். ஒத்தடம் கொடுப்பது, வாட்டுவது என்று பொருள். இரண்டு சொற்களிலும் சூடு ஒளிந்திருக்கிறது. உண்மையில் இச்சிகிச்சையில் சூட்டுக்கு வேலையே இல்லை. ஒரு கிரே என்பது ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் தங்குவதைக் குறிக்கும் அளவு. ஆறு வாரங்களில் பிரித்துத் தரப்படும் 60 கிரே முழுவதையும் ஒரே நொடியில் செலுத்தினாலும், அந்த இடத்தின் வெப்பம் ஒரு டிகிரியில் ஏறத்தாழ 0.014 பங்குதான் உயரும். ஒரு மிடறு தேநீர் உடலுக்குள் கொண்டுவரும் வெப்பம் இதைவிடப் பல மடங்கு அதிகம். செல்லைக் கொல்வது அந்தச் சிறு ஆற்றல் போய் விழும் இடம்: டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் அருகருகே அறுபட்டால், பிளவுபட்டுப் பெருகும் வேலையை அந்தச் செல்லால் தொடர முடிவதில்லை.

அந்தக் கூடத்தில்தான் தாராவியிலிருந்து வந்திருந்த திருநெல்வேலிக்கார அண்ணாச்சி ஒருவர் என்னிடம் கேட்டார். அவருடைய மனைவிக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். அறுவை முடிந்து கருப்பையை எடுத்தாகிவிட்டது. இனி 'கரண்ட்' வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். "தம்பி, கார்கர்ல ஏதோ புரோட்டான் மெஷின் வந்திருக்காமே, அது இதைவிட பவர் ஜாஸ்தியாமே, அதை நாம கேட்டு வாங்க முடியாதா?" என்றார். நேர்மின்னூட்டம் கொண்ட அணுத்துகளான புரோட்டான் பற்றி நாளிதழ்களிலும் வாட்ஸாப் தகவல்களிலும் சுற்றிவரும் கருத்தின் சுருக்கம் இந்தக் கேள்விதான். அதன் நடுவில் இருக்கும் 'பவர் ஜாஸ்தி' என்ற சொல்தான் தவறு. புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும் திறனில் புரோட்டானுக்கும் எக்ஸ்-கதிருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு கிரே புரோட்டான் ஏறத்தாழ 1.1 கிரே எக்ஸ்-கதிருக்குச் சமம் என்றே உலகெங்கும் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். வேறுபாடு, அது எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள மும்பைக்காரர்களுக்கு லோக்கல் ரயில் போதும். எக்ஸ்-கதிர் ஸ்லோ லோக்கலைப் போன்றது: ஒவ்வொரு நிலையத்திலும் சிலர் இறங்குகிறார்கள், தொடக்க நிலையங்களில் கூட்டமாக இறங்குகிறார்கள், நாம் குறித்த நிலையத்தையும் தாண்டி மீதிப் பேர் கடைசிவரை பயணம் செய்கிறார்கள். இன்றைய மருத்துவமனைகளில் பரவலாக இருக்கும் 6 மெகாவோல்ட் எக்ஸ்-கதிர், தோலுக்கு அடியில் ஒன்றரை சென்டிமீட்டரில் உச்சத்தைத் தொட்டு, பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் அந்த உச்சத்தின் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்து, அதற்குப் பின்னும் குறைந்துகொண்டே உடலின் மறுபக்கம் வழியாக வெளியேறுகிறது. கட்டி பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், கட்டியைவிட அதற்கு முன்னால் உள்ள நல்ல திசு அதிகம் வாங்கிக்கொள்கிறது. இதனால்தான் பல திசைகளிலிருந்து கதிரைச் செலுத்தி, அவை சந்திக்கும் இடத்தில் மட்டும் அளவு கூடும்படி செய்கிறார்கள். புரோட்டானோ ஃபாஸ்ட் லோக்கல்: வழியில் சிலரை மட்டுமே இறக்கிவிட்டு, ஒரே நிலையத்தில் மொத்தக் கூட்டத்தையும் கொட்டிவிடுகிறது. அதற்கு அப்பால் வண்டியே இல்லை.

ஏன் அப்படி? மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று திசுவுக்குள் பாயும்போது, வழியில் உள்ள அணுக்களின் எலெக்ட்ரான்களை இழுத்துக்கொண்டே செல்கிறது. வேகமாகப் போகும்போது ஒவ்வோர் அணுவின் அருகிலும் அது இருக்கும் நேரம் குறைவு. ஆகவே இழக்கும் ஆற்றலும் குறைவு. வேகம் குறையக் குறைய, அருகில் தங்கும் நேரம் கூடி, ஆற்றல் இழப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் ஏறுகிறது. இழப்பு ஏறுவதால் வேகம் இன்னும் குறைகிறது. கடன் வாங்கி வட்டி கட்டுபவரின் கதைபோல இது தன்னைத்தானே முடுக்கிக்கொண்டு, கடைசிச் சில மில்லிமீட்டர்களில் கையிருப்பு முழுவதையும் இழந்து நின்றுவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆல்ஃபா துகள்களை ஆராய்ந்த வில்லியம் பிராக் 1904 வாக்கில் இந்த உச்சத்தைக் கண்டார். இன்றும் அது 'பிராக் உச்சி' எனப்படுகிறது. தொடக்க ஆற்றலைக் கொண்டு நிற்கும் ஆழத்தைத் தீர்மானிக்கலாம் என்பதுதான் இதன் நடைமுறைப் பயன். 70 மெகா எலெக்ட்ரான் வோல்ட் (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) கொண்ட புரோட்டான் தண்ணீரில் நான்கு சென்டிமீட்டரிலும், 150 கொண்டது ஏறத்தாழ 16 சென்டிமீட்டரிலும், 230 கொண்டது 33 சென்டிமீட்டரிலும் நிற்கும். மனித உடலில் எட்ட வேண்டிய எந்தக் கட்டியும் இதற்குள் அடங்கிவிடும்.

ஒரு திருத்தத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். உச்சி மிகக் குறுகலானது. கட்டியோ சில சென்டிமீட்டர் தடிமன் கொண்டது. எனவே பல ஆற்றல்களில் புரோட்டான்களை அனுப்பி, உச்சிகளை அடுத்தடுத்து அடுக்கிக் கட்டியை நிரப்புகிறார்கள். அவை அனைத்தும் ஒரே நுழைவாயில் வழியாகத்தான் போக வேண்டியிருப்பதால், தோலும் முன்பக்கத் திசுவும் கணிசமான அளவை வாங்கவே செய்கின்றன. 'முன்னால் எதையும் தொடாது' என்பது விளம்பரம். 'பின்னால் எதையும் தொடாது' என்பதே இயற்பியல்.

இந்தப் பயனை முதலில் எழுத்தில் வைத்தவர் ராபர்ட் வில்சன். இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில், துகள்களைச் சுழற்றி வேகமூட்டும் சைக்ளோட்ரான் என்ற இயந்திரத்தின் குழுவை நடத்தியவர் அவர். போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், வேகப் புரோட்டான்களை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று கதிரியல் இதழ் ஒன்றில் சில பக்கக் கட்டுரை எழுதினார். 1954இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் முதல் நோயாளிகளுக்குப் புரோட்டான் செலுத்தப்பட்டது. 1957இல் சுவீடனின் உப்சாலாவிலும், 1961இல் ஹார்வர்டிலும் தொடர்ந்தது. ஆனால் மருத்துவமனை ஒன்று தனக்கென்றே ஒரு புரோட்டான் நிலையத்தை அமைத்தது 1990இல்தான், கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில். அதன் முடுக்கியைக் கட்டிக்கொடுத்தது ஃபெர்மிலேப் என்ற அமெரிக்க இயற்பியல் ஆய்வகம். அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர் வில்சனேதான்.

யோசனைக்கும் மருத்துவமனைக்கும் இடையில் 44 ஆண்டுகள் ஏன் பிடித்தன என்ற கேள்வி முக்கியமானது. பணம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், துல்லியமாக நிற்கும் கதிர் கையில் இருந்தும், கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எவருக்கும் துல்லியமாகத் தெரிந்திருக்கவில்லை. உயிருள்ள மனிதரின் உட்புறத்தைத் துண்டு துண்டாகக் காட்டும் சி.டி. ஸ்கேன் 1971இல்தான் முதல் நோயாளியைப் படமெடுத்தது. தொடக்க காலத்தில் பிட்யூட்டரி சுரப்பி, கண் என்று எலும்பை வைத்தோ நேரில் பார்த்தோ இடம் குறிக்கக்கூடிய உறுப்புகளுக்கே புரோட்டான் பயன்பட்டது தற்செயல் அல்ல. கண்ணில் வரும் மெலனோமா என்ற புற்றுநோய்க்கு இன்றும் விழிவெண்படலத்தில் டான்டலம் என்ற உலோகத்தின் சிறு தகடுகளைத் தைத்து வைத்து, அவற்றை எக்ஸ்-கதிர்ப் படத்தில் பார்த்துத்தான் குறி வைக்கிறார்கள்.

இனி கார்கருக்கு வருவோம். டாட்டா மெமோரியல் மருத்துவமனை 1941 பிப்ரவரியில் பரேலில் திறக்கப்பட்டது. 1962 முதல் அது இந்திய அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது. புற்றுநோய் மருத்துவமனையை அணுசக்தித் துறை ஏன் நடத்துகிறது என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். அத்துறையின் ஊழியர்கள் வாழும் அணுசக்தி நகரிலும் அருகிலுள்ள செம்பூரிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது வியப்பில்லை. அதன் ஆராய்ச்சி வளாகம் நவி மும்பையின் கார்கரில், ஹார்பர் பாதையில் பன்வேலுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அங்கே அமைக்கப்பட்ட ஹாட்ரான் (புரோட்டான் அடங்கிய துகள் குடும்பம்) கதிர்ச் சிகிச்சை நிலையம் 2023 மே 11 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இந்தியாவில் முதலாவது, சென்னை தரமணியில் 2019 ஜனவரியில் திறக்கப்பட்ட அப்போலோ நிறுவனத்தின் நிலையம். பொதுத் துறையில் முதலாவது கார்கர்.

இரண்டு இடங்களிலும் இருப்பது பெல்ஜியத்தின் ஐ.பி.ஏ. நிறுவனம் செய்த சைக்ளோட்ரான். அதன் எடை ஏறத்தாழ 220 டன். ஹைட்ரஜன் வாயுவிலிருந்து உரித்தெடுத்த புரோட்டான்கள் காந்தப் புலத்தில் சுருள் சுருளாகச் சுற்றி வேகம் பெற்று, ஒளியின் வேகத்தில் அறுபது விழுக்காட்டுடன் வெளியேறுகின்றன. இத்தனை இரும்பும் தாமிரமும் சேர்ந்து ஒரு நாள் சிகிச்சைக்கு நோயாளிக்குள் செலுத்துவது, ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவான ஹைட்ரஜன். சைக்ளோட்ரான் எப்போதும் ஒரே ஆற்றலில்தான் புரோட்டானை வெளியே விடும் என்பதால், ஆழம் குறைந்த கட்டிக்கு கிராஃபைட் போன்ற பொருளின் ஆப்புகளைக் குறுக்கே நிறுத்தி வேகத்தைத் தணிக்கிறார்கள். அந்த மோதலில் நியூட்ரான்கள் தெறிப்பதால் சுவர்கள் ஆளுயரத்தையும் மிஞ்சும் கனத்தில் காங்கிரீட்டால் எழுப்பப்படுகின்றன. நோயாளியைச் சுற்றி எந்தக் கோணத்திலிருந்தும் கதிரைத் திருப்ப, மூன்று மாடி உயரமுள்ள 'கேன்ட்ரி' என்ற இரும்புச் சக்கரம் சுழல்கிறது. நோயாளியின் கண்ணில் படுவது ஒரு வெள்ளை அறையும் ஒரு படுக்கையும் மட்டுமே. கதிர் வரும் முனையில் காந்தங்கள் அதை இடமும் வலமும் மேலும் கீழும் அசைத்து, கோலமிடுபவர் புள்ளி வைப்பதுபோல, கட்டியின் மிக ஆழமான அடுக்கிலிருந்து தொடங்கிப் புள்ளி புள்ளியாக நிரப்புகின்றன.

புரோட்டானுக்காக எவரும் தயங்காமல் வாதாடக்கூடிய இடம் குழந்தைகள். சிறுமூளையில் வரும் மெடுலோபிளாஸ்டோமா என்ற கட்டி, மூளைத் தண்டுவடத் திரவத்தின் வழியாகப் பரவும் தன்மை கொண்டது. ஆகவே கட்டியை அகற்றிய பிறகும் மூளை முழுவதற்கும் முதுகுத்தண்டு முழுவதற்கும் கதிர் தர வேண்டியிருக்கிறது. எக்ஸ்-கதிரை முதுகுப் பக்கமிருந்து செலுத்தினால், அது தண்டுவடத்தைக் கடந்து தைராய்டு, இதயம், நுரையீரல், குடல் ஆகிய அனைத்தின் ஊடாகவும் சென்று மார்பு வழியாக வெளியேறும். அறுபது வயதுக்காரரின் இதயம் வாங்கும் சிறு அளவு, அவர் ஆயுளுக்குள் பெரும்பாலும் கணக்குக் கேட்காது. ஆறு வயதுக் குழந்தையிடம் அது கேட்கும். முப்பது ஆண்டு கழித்து இதய நோயாகவோ, கதிரே உண்டாக்கிய இரண்டாவது புற்றுநோயாகவோ வந்து கேட்கும். புரோட்டானை அதே முதுகிலிருந்து செலுத்தினால், முதுகெலும்புக்கு முன்னால் நிறுத்திவிடலாம். இதயத்துக்கும் குடலுக்கும் எதுவும் போய்ச் சேராது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தண்டுவடத்தோடு நிறுத்தும் வசதி இருந்தும், வளரும் குழந்தைகளுக்கு முதுகெலும்பின் முன்பாதியையும் வேண்டுமென்றே சேர்த்துக் கதிர் தருகிறார்கள். கதிர் பட்ட எலும்பு வளர்ச்சி குன்றும். பின்பாதி குன்றி முன்பாதி வளர்ந்தால் முதுகு வளைந்துவிடும். சற்றே குள்ளமாக இருந்தாலும் நேராக நிற்கட்டும் என்பது மருத்துவரின் முடிவு. எங்கே நிறுத்த முடியும் என்பதை இயந்திரம் சொல்லும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அது சொல்லாது. இதோடு, அசையாமல் படுக்கத் தெரியாத சிறு குழந்தைக்கு ஒவ்வொரு நாளும் மயக்க மருந்து கொடுக்க வேண்டும். மயக்கவியலாளர்களும் செவிலியர்களும் சேர்ந்த தனிக் குழுவே அதற்குத் தேவைப்படுகிறது. மண்டையோட்டின் அடிப்பகுதியில் வரும் கோர்டோமா, காண்ட்ரோசார்கோமா ஆகிய கட்டிகளும், முன்பே கதிர் வாங்கிய இடத்தில் மீண்டும் முளைக்கும் கட்டிகளும் இந்த வரிசையில் அடுத்தவை.

இத்துடன் கட்டுரையை முடித்தால் அது விளம்பரமாகிவிடும். புரோட்டானின் சிறப்பும் சிக்கலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. எக்ஸ்-கதிர் போகும் வழியில் ஒரு சென்டிமீட்டர் கூடவோ குறையவோ இருந்தால் அளவு நான்கைந்து விழுக்காடு மாறும், அவ்வளவே. புரோட்டானுக்கு அப்படியல்ல: வழியில் கணித்ததைவிட அடர்த்தி கூடுதலாக இருந்தால் கட்டியை எட்டாமலே நின்றுவிடும், குறைவாக இருந்தால் கட்டியைத் தாண்டி நல்ல உறுப்பில் போய் முழு உச்சியையும் இறக்கிவிடும். மூக்கின் பக்கவாட்டுக் குழிகளில் சளி தேங்கினாலும், சிகிச்சை நாட்களில் நோயாளி மெலிந்தாலும், மலக்குடலில் வாயு நிறைந்தாலும் நிற்கும் இடம் மாறுகிறது. மூச்சோடு அசையும் நுரையீரல் கட்டியில், காற்றும் திசுவும் மாறி மாறிக் குறுக்கே வருவதால் இது இன்னும் கடினம்.

எதுவும் மாறாவிட்டாலும்கூட ஓர் அடிப்படை ஐயம் மிஞ்சுகிறது. சி.டி. ஸ்கேன் காட்டுவது, திசு எக்ஸ்-கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை. நமக்குத் தேவைப்படுவது, அதே திசு புரோட்டானை எவ்வளவு தடுக்கும் என்பது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிடும்போது மூன்று, மூன்றரை விழுக்காடு வரை பிழை நேரலாம் என்று வைத்துக்கொள்வதே வழக்கம். இருபது சென்டிமீட்டர் ஆழத்தில் அது ஏழு மில்லிமீட்டர். மூளைத்தண்டுக்கு அருகில் ஏழு மில்லிமீட்டர் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அனுபவமுள்ள மருத்துவ இயற்பியலாளர்கள் உயிர்நாடியான உறுப்பை நோக்கி நேராகக் கதிரை விட்டு அதன் முன்னால் நிறுத்த முயல்வதில்லை. உறுப்பின் பக்கவாட்டில் உரசிச் செல்லும் கோணத்தையே தேர்கிறார்கள், பக்கவாட்டு விளிம்பு அவ்வளவு கூர்மையாக இல்லாவிட்டாலும். எந்தக் கூர்மைக்காக இத்தனை கோடி ரூபாய் செலவிடப்பட்டதோ, அதையே மிக முக்கியமான இடத்தில் முழுமையாக நம்ப முடியாமல் இருப்பது இத்துறையின் முரண். என் பார்வையில், கடந்த இருபது ஆண்டு ஆராய்ச்சியின் பெரும்பகுதி இந்த ஒரு முரணைத் தீர்ப்பதற்கே செலவாகியிருக்கிறது.

பொருளறிவியல் இங்கேதான் நுழைகிறது. முதுகெலும்பில் கட்டியை அகற்றிய பிறகு, எலும்பைத் தாங்க டைட்டேனியம் திருகுகளும் தண்டுகளும் பொருத்துவது வழக்கம். டைட்டேனியம் உடலோடு இணங்கிப்போகும் நல்ல உலோகம், ஆனால் சி.டி. படத்தில் அது கீற்றுக் கீற்றாக நிழல் வீசி, சுற்றியுள்ள திசுவின் அடர்த்தியை மறைக்கிறது. புரோட்டானையோ அது தண்ணீரைப்போல மூன்று மடங்குக்கு மேல் தடுக்கிறது. ஒரு திருகின் பின்னால் புரோட்டான் எங்கே நிற்கும் என்று சொல்வது இதனால் கடினமாகிறது. கோர்டோமா நோயாளிகளில் உலோகம் பொருத்தப்பட்டவர்களிடம் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. இதற்கு மாற்றாக வந்திருப்பது கார்பன் இழையால் வலுவூட்டப்பட்ட பீக் என்ற பாலிமரில் செய்த திருகுகள். வலிமையில் எலும்பைத் தாங்கும். படத்தில் ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாது. புரோட்டானைத் திசுவைப்போலவே கடக்க விடும். எலும்பு அறுவை மருத்துவர் எந்தத் திருகைத் தேர்கிறார் என்பது, மூன்று மாதம் கழித்துக் கதிர் மருத்துவர் என்ன செய்ய முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது. இருவரும் அறுவைக்கு முன்பே பேசிக்கொள்ளும் மருத்துவமனைகளில்தான் இதன் பலன் கிடைக்கும்.

படமெடுப்பதிலும் முன்னேற்றம் உண்டு. இரண்டு வெவ்வேறு ஆற்றல்களில் எடுக்கும் சி.டி. ஸ்கேன், திசுவின் அடர்த்தியையும் அதன் வேதி அமைப்பையும் தனித்தனியே மதிப்பிட உதவி, பிழையை இரண்டு விழுக்காடு அளவுக்குக் குறைக்கிறது. இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. புரோட்டான் செல்லும் வழியில் சில அணுக்கருக்களை உடைத்து, கார்பன்-11, ஆக்சிஜன்-15 போன்ற குறுகிய ஆயுள் கொண்ட கதிரியக்க அணுக்களை விட்டுச்செல்கிறது. ஒன்றின் அரை ஆயுள் இருபது நிமிடம், மற்றதன் அரை ஆயுள் இரண்டு நிமிடம். சிகிச்சை முடிந்த உடனே கதிரியக்க அணுக்கள் இருக்கும் இடத்தைப் படமெடுக்கும் பெட் (PET) ஸ்கேனில் நோயாளியைப் படுக்க வைத்தால், கதிர் எதுவரை போனது என்பதை அது விட்டுப்போன தடமே காட்டும். ஈரமணலில் நண்டு போன வழியைப் போல. அந்த அணுக்கள் இரத்தத்தோடு ஓடிக் கரைவதற்குள் படமெடுத்தாக வேண்டும் என்பதே சிரமம்.

சரி, இத்தனைக்கும் பிறகு நோயாளிக்கு என்ன கிடைக்கிறது? இரண்டு சோதனைகள் இரு வேறு விடைகளைத் தந்துள்ளன. அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோய்க்கு 450 ஆண்களிடம் புரோட்டானையும் நவீன எக்ஸ்-கதிர் முறையையும் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2024இல் வெளியானது: குடல், சிறுநீர், பாலியல் வாழ்வு ஆகிய எதிலும் நோயாளிகள் வேறுபாடு உணரவில்லை, நோய் கட்டுப்படுவதிலும் வேறுபாடு இல்லை. அந்நாட்டின் புரோட்டான் நிலையங்கள் பல ஆண்டுகளாக வருவாய்க்கு நம்பியிருந்ததே புராஸ்டேட் நோயாளிகளைத்தான் என்பதை நினைத்தால், இந்த முடிவின் கனம் புரியும். அதே ஆண்டு தொண்டைப் புற்றுநோயில் வெளியான ஒப்பீட்டில், நோய்க் கட்டுப்பாடு இரண்டு முறையிலும் சமமாகவே இருக்க, வயிற்றில் குழாய் வைத்து உணவூட்ட வேண்டிய நிலை எக்ஸ்-கதிர் பெற்றவர்களில் 42 விழுக்காட்டினருக்கும் புரோட்டான் பெற்றவர்களில் 28 விழுக்காட்டினருக்கும் வந்தது. குட்கா தின்று வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் கண்டவர்கள் நிறைந்த நமக்கு இரண்டாவது முடிவு கவனிக்கத்தக்கது. இங்கே மிகுதியாக இருக்கும் கன்னம், ஈறு ஆகியவற்றின் கட்டிகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இயந்திரம் சுருங்கிக்கொண்டும் வருகிறது. நியோபியம் கலந்த மீக்கடத்திக் கம்பிகளைத் திரவ ஹீலியத்தின் குளிருக்கு இறக்கினால், மின்தடையே இல்லாமல் மிக வலிமையான காந்தப் புலம் கிடைக்கும். புலம் கூடினால் புரோட்டான் சுற்றும் வட்டம் சிறுக்கும். இவ்வாறு பழைய சைக்ளோட்ரானின் எடையில் பத்தில் ஒரு பங்கே கொண்ட ஒற்றை அறை இயந்திரம் 2013 இறுதியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வேலைக்கு வந்தது. மறுபக்கம், முழு அளவையும் நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் செலுத்திவிடும் 'ஃபிளாஷ்' முறையில், கட்டி அழியும்போது நல்ல திசு மட்டும் வியப்பூட்டும் அளவுக்குத் தப்புகிறது என்று 2014இல் எலிகளில் காட்டப்பட்டது. 2018இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் ஒருவருக்கு எலெக்ட்ரான் கதிராலும், பின்னர் அமெரிக்காவின் சின்சினாட்டியில் எலும்புக்குப் பரவிய புற்றுநோய் கொண்ட பத்துப் பேருக்குப் புரோட்டானாலும் அது முயன்று பார்க்கப்பட்டது. நல்ல திசு ஏன் தப்புகிறது என்பதற்கு அறிவியலாளர்களிடம் ஒத்த கருத்து இன்னும் இல்லை. காரணம் தெரியாத ஒன்றுக்காக இப்போதே காத்திருக்கும்படி எந்த நோயாளியிடமும் சொல்லக்கூடாது.

இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. மூன்று அறைகள் கொண்ட ஒரு புரோட்டான் நிலையம் ஆண்டு முழுவதும் ஓய்வின்றி இயங்கினாலும் அதில் சில நூறு பேருக்கே இடம் கிடைக்கும். பத்து லட்சம் மக்களுக்குக் குறைந்தது ஒரு சாதாரணக் கதிர்வீச்சு இயந்திரம் என்ற அளவுகோலையே நாடு இன்னும் எட்டவில்லை. ஆகவே மும்பையின் இதே வளாகங்களில் நடந்த மற்ற வேலைகளையும் அருகில் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'பாபாட்ரான்' என்ற கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் 2005இல் முதலில் நிறுவப்பட்டது இதே கார்கர் வளாகத்தில். மின்தடையும் தூசியும் நிறைந்த ஊர்களிலும் ஓடக்கூடியது அது. ஐ.ஐ.டி. பம்பாயும் டாட்டா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்-19 என்ற கார்-டி செல் சிகிச்சை 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது; நோயாளியின் சொந்த டி-செல்களுக்கு இலக்கைக் கற்பித்துத் திருப்பி அனுப்பும் அந்த முறை, அமெரிக்க விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. 2022இல் வெளியிட்ட ஆய்வில் டாட்டா மெமோரியல் மருத்துவர்கள் தலை, கழுத்துப் புற்றுநோயின் முற்றிய நிலையில், நிவோலுமாப் என்ற விலையுயர்ந்த மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும், வாய்வழி மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு உயிருடன் இருந்தோர் 16 விழுக்காட்டிலிருந்து 43 ஆக உயர்ந்தனர். அளவைக் குறைத்துப் பார்க்கும் ஆய்வுக்கு எந்த மருந்து நிறுவனமும் பணம் தராது. அதை ஒரு பொது மருத்துவமனைதான் செய்ய முடியும்.

அண்ணாச்சியின் மனைவிக்கு வந்த கருப்பைவாய்ப் புற்றுநோயிலோ இந்த நகரம் இன்னும் எளிய ஒன்றைக் காட்டியிருக்கிறது. 1998இல் தொடங்கி மும்பையின் குடிசைப் பகுதிகளில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடந்த டாட்டா மெமோரியலின் ஆய்வில், பத்தாம் வகுப்பு அளவில் படித்த உள்ளூர்ப் பெண்கள் சில வாரப் பயிற்சிக்குப் பிறகு, கருப்பைவாயில் நீர்த்த வினிகரைத் தடவி, வெளுத்த திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். அவ்வளவுதான் சோதனை. 2013இல் முடிவு வெளியானபோது, அந்நோயால் இறப்பது 31 விழுக்காடு குறைந்திருந்தது.

அவர் கேட்ட கேள்விக்கும் விடை அதே நகரத்தில் இருந்தது. கருப்பையை எடுத்த பிறகு அந்த வெற்றிடத்தில் குடல் சரிந்து இறங்கிவிடும். கதிர் தரும்போது அடிபடுவது பெரும்பாலும் அதுதான். 300 பெண்களிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், டாட்டா மெமோரியல் மருத்துவர்கள் எக்ஸ்-கதிரையே இரு விதமாக ஒப்பிட்டார்கள்: பழைய முறை ஒன்று, கதிரின் செறிவைப் பகுதி பகுதியாக மாற்றியும் ஒவ்வொரு நாளும் படமெடுத்து இடம் சரிபார்த்தும் தரும் புதிய முறை மற்றொன்று. மூன்றாண்டு கழித்துக் குடலில் குறிப்பிடத்தக்க பாதிப்பு பழைய முறையில் 42 விழுக்காட்டினருக்கும் புதிய முறையில் 21 விழுக்காட்டினருக்கும் இருந்தது. நோய் கட்டுப்படுவதில் வேறுபாடில்லை.

"அப்ப கார்கர் மெஷினைக் கேக்க வேண்டாங்கிறீங்களா?" என்றார் அண்ணாச்சி. "டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, அண்ணாச்சி. தினமும் படம் எடுத்துப் பார்த்துத்தான் கரண்ட் வைப்பீங்களா, குடலுக்கு எவ்வளவு போகும்னு கேளுங்க" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்த மருத்துவச் சீட்டின் பின்பக்கத்தில் 'தினமும் படம், குடல்' என்று எழுதிக்கொண்டிருந்தபோதே அவர்களுடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.